இறங்குதுறையில் சொல்லும் பதில்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்துக் கனநாளாகிவிட்டது. பதில் பிந்தியதற்குத் தபாலையோ காலநிலையையோ சாட்டுச் சொல்ல நான் வரவில்லை. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். பிறகு எடுத்தேன், பிறகும் மடித்து வைத்தேன். இப்போதெல்லாம் எதைத் தொடங்குவதற்கும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. வயது ஒரு பக்கம், இந்தக் காலம் மறுபக்கம். நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் வள்ளத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மட்டும்தான் யோசிக்காமல் செய்யக்கூடிய வேலையாக மிஞ்சியிருக்கிறது. சுக்கானைப் பிடித்தால் கை தன்பாட்டில் வேலை செய்யும், நான் சும்மா நிற்பேன். உனக்கு எழுதுவதை அப்படிச் செய்ய முடியாது.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். கனடாவில் பகலில் உணவுக்கடையில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் ஆங்கில வகுப்புக்குப் போகிறாய். அந்த வகுப்பில் ஒருநாள் ஒரு வினாத்தாள் கொடுத்திருக்கிறார்கள். தான் எந்தக் குணமுடைய ஆள் என்று ஒருவர் தன்னையே கேட்டு அறிந்துகொள்கிற வினாத்தாள். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஓம் அல்லது இல்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த வகை என்று வந்துவிடும். உனக்கு வந்தது ‘ஒதுங்கி வாழ்பவர்’. அது பிறவியிலேயே வருவது, மாறாது என்று அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்டதும் உனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்ததாம். இந்த ஊரில் ஏன் ஒருவரோடும் ஒட்ட முடியவில்லை, கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஏன் பின்பக்கம் போய் நிற்கிறேன் என்று இப்போதுதான் விளங்கியது என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு வரி. வதனாவுக்கு வேறு இடம் பாருங்கோ, என்னோடு வந்தால் அந்தப் பிள்ளை பாவம்.

உனக்கென்று பேசி வைத்த பிள்ளையை ஒரு வரியில் முடித்துவிட்டாய். உன் மாமன் மகள், உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள், நீ போன நாளில் இருந்து உன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறவள். இரண்டு பேருடைய சாதகத்தையும் நாங்கள் சாத்திரியாரிடம் கொண்டுபோன அன்று நீ சிரித்தது எனக்கு மறக்கவில்லை. பிறந்த நேரத்தை வைத்து ஒருவருடைய குணத்தைச் சொல்லலாமா என்று கேட்டாய். இப்போது நாற்பது கேள்வியை வைத்து நீயே குணமும் சொல்லி, பொருத்தமில்லை என்றும் சொல்லிவிட்டாய். சாத்திரியாராவது இரண்டு பேருடைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்படுகிற பலம் எனக்கு இல்லை. நீ வினாத்தாளைத் தமிழில் எழுதி, பின்பக்கத்தில் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்றும் குறித்து, நீங்களும் நிரப்பிப் பாருங்கோ அப்பா, என்னை விளங்கும் என்று அனுப்பியிருந்தாய். நீ கேட்டதை நான் செய்தேன். அதைத்தான் முழுவதுமாகச் சொல்லப் போகிறேன், நடுவில் நிறுத்தாமல் வாசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வள்ளத்தைக் கட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். உன் அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவது கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். தெரியாதவர்களோடு நீங்களாகவே பேச்சைத் தொடங்குவீர்களா? கொஞ்சமும் யோசிக்காமல் இல்லை என்று புள்ளடி போட்டேன்.

“என்ன போட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

“இல்லை எண்டு.”

“நல்ல கதை. திருவிழாக்கு வாற சனத்திட்டை ஊர், பேர், பிள்ளையள் எத்தினை எண்டு கரை வந்து சேருமட்டும் கேக்கிற ஆள் நீங்கள். மானிப்பாயிலை இருந்து வந்த மனுசியிட்டைப் பனங்கிழங்கு ஒடியல் மாவாலை பிட்டு அவிக்கிற பக்குவம் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லேல்லையே?”

“அது முந்தி.”

“முந்தியும் நீங்கள்தானே.”

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். உங்கள் மனதில் உள்ளதை மற்றவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வீர்களா? இல்லை. திடீரென்று திட்டம் மாறினால் உங்களுக்குப் பதற்றம் வருமா? ஓம். கூட்டமான இடத்தில் ஓரமாக நிற்க விரும்புவீர்களா? ஓம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. பாதி வரை வந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். கேள்வியை வாசித்ததும் நான் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதை ஆர் கேட்கிறார்கள், என்னத்துக்குக் கேட்கிறார்கள், எதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராமல் முடியும் என்றுதான் யோசித்தேன். ஒரு கேள்விக்கும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் பதில் சொன்னது உன் வினாத்தாளுக்கு இல்லை, இறங்குதுறைக்கு.

உனக்கு அந்தத் துறையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அக்கரையில், குறிகட்டுவானில் இறங்கினால் வரிசை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது வருவாய், வீட்டில் ஆர் ஆர், பெடியன் எங்கே, என்ன செய்கிறான். முதலில் ஒரு பகுதியார் சிங்களத்தில் கேட்டார்கள். பிறகு இயக்கத்துக்குப் போன எங்கள் பெடியள் கேட்டார்கள். இப்போது கேட்பவர்கள் இந்தியில் கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. உன்னை வைத்திருந்த காலத்தில் பெடியனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்றார்கள், உன்னை அனுப்பிய பிறகு ஏன் அனுப்பினாய் என்கிறார்கள். வள்ளம் கரையை நெருங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்வேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ, கூடக் கதையாதேங்கோ. அதைச் சொன்னதும் வள்ளம் அப்படியே அடங்கிப்போகும். சின்னப் பிள்ளைகள் கூட வாயை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் நான் அப்படித்தான் கதைக்கிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள்.

என் கணக்கைக் கூட்டினேன். எனக்கும் ‘ஒதுங்கி வாழ்பவர்’ என்றுதான் வந்தது. அப்பனும் பிள்ளையும் ஒன்று, பரம்பரைதான், நீ சொன்னது சரிபோல என்று நினைத்தேன். உன் அம்மாவையும் கேட்டுப் பார்க்கலாம் என்று, வினாத்தாளைக் கையால் பிரதியெடுத்து, நான் வாசிக்க அவள் சொல்லச் சொல்லக் குறித்தேன். அவளைப் பற்றி உனக்குத் தெரியும். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போனால் ஊர்ப் புதினம் முழுவதையும் கேட்டு, தன்னிடம் உள்ளதையும் சொல்லிவிட்டுத்தான் வருவாள். வாளி நிறைய வருமோ இல்லையோ கதை நிறைய வரும். அப்படிப்பட்டவளிடம், உங்கள் கவலைகளை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வீர்களா என்று கேட்டேன்.

“இல்லை எண்டு போடுங்கோ.”

“ஏனப்பா, நீர் சொல்லாத கவலை ஏதும் இருக்கோ?”

“போடுங்கோ எண்டு சொல்லுறன். ஆர் வாசிக்கிறாங்களோ.”

“தம்பிதான் வாசிக்கப் போறான்.”

“கடிதம் எத்தினை கையாலை போகுது, நீங்கள் கண்டனீங்களே? நான் வாய்க்காரி எண்டு எழுத்திலை வேண்டாம்.”

அவளுக்கும் அதே வகை. பிறகு உன் மாமா வந்தார், வதனாவின் தகப்பன். என்ன ஏது என்று சொல்லாமல் அவரிடமும் கேட்டேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஒவ்வொரு கேள்விக்கும், “மச்சான், எது போட்டால் பிரச்சினை இல்லை?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கும் அதே வகை. பிறவிக் குணம் என்கிறாய். ஒரே இரத்தம் என்றால் சரி, கல்யாணம் பண்ணி வந்தவளுக்கும் அவளுடைய தம்பிக்கும் எனக்கும் எப்படி ஒரே பிறவிக் குணம் வரும்? இந்தத் தீவில் இன்னும் பத்துப் பேரிடம் கேட்டிருந்தாலும் வேறு வகை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒதுங்கியிருக்கிறோம்.

உண்மையாகவே ஒதுங்கி வாழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், நெடுந்தீவில் மாடு வைத்திருந்த உன் பெரியப்பா. வெட்டை வெளிக்குள் மாட்டோடு போனால் பின்னேரம்தான் திரும்புவார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் காசை ஆரிடமாவது கொடுத்துவிடுவார், தான் வரமாட்டார். நாங்கள் போனால் ஒரு சிரிப்பு, ஒரு செம்பு பால், அவ்வளவுதான். அவருக்கு அது பாரமாக இருக்கவில்லை, அதனால் ஆரும் வந்து அதை இறக்கி வைக்கவும் தேவைப்படவில்லை. படலை திறக்கிற சத்தம் கேட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், தம்பி. நீ கதவுச் சத்தத்துக்குப் பின்பக்கம் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று உனக்கு நினைவில்லையா, அல்லது நினைக்க விருப்பமில்லையா? பள்ளிக்கூடம் விட்டால் நேரே வள்ளத்துக்கு வந்து முன்பக்க அணியத்தில் ஏறி நிற்பாய். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிற சனத்துக்கு, நாகம் பூவோடு நீந்திவந்த கதையை நீயே கண்டதுபோலச் சொல்லுவாய். ஒவ்வொரு முறையும் பாம்பு கொஞ்சம் நீளும். புத்த விகாரைக்கு வந்த சிங்களச் சனத்தோடு சைகையில் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் அவர்களுடைய பாசையில் பகிடி விடுகிற அளவுக்கு வந்துவிட்டாய். கவனமாகக் காலை வையுங்கள், பிள்ளையைப் பிடியுங்கள் என்று நீ சிங்களத்தில் சொல்ல, அந்தக் கிழவிகள் உன் கன்னத்தைக் கிள்ளி இனிப்புத் தருவார்கள். கரைக்கு வந்தபிறகும் இறங்க மனமில்லாமல் உன்னோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த பயணம் பிந்துகிறது என்று நான்தான் உன்னை ஏசுவேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இவன் பெரிய கடைக்காரனாகவோ கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்தாகவோ வருவான் என்று எல்லோரும் சொன்னார்கள். உன் கேள்வித்தாளை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் அவன் நாற்பது கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவரின் ஊரையும் கேட்டிருப்பான்.

அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு விகாரைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள், நீயும் வளர்ந்துவிட்டாய். யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாய். ஒருநாள் காலை குறிகட்டுவானில் வரிசையில் நின்றபோது கேள்வி கேட்டவனுக்கு நீ சிங்களத்தில் பதில் சொன்னாய். சொன்னதோடு நிற்காமல், நீங்கள் எந்த ஊர் என்று அவனைக் கேட்டாய். பழைய பழக்கம். அவன் சிரித்து ஊரையும் சொன்னான், நான் சுக்கானடியில் நின்று பார்த்தேன். பின்னால் நின்ற மற்றவன்தான் வந்தான். எங்கே படித்தாய், ஆர் படிப்பித்தது, எதற்குப் படித்தாய். தமிழ்ப் பெடியனுக்கு இவ்வளவு சிங்களம் ஏன்? உன்னை வரிசையில் இருந்து விலத்தி வெய்யிலில் இருத்தினார்கள். எனக்கு வள்ளத்தை நிறுத்தி வைக்க அனுமதியில்லை. சனத்தை ஏற்றிக்கொண்டு போனேன், இறக்கிவிட்டு வந்தேன். வரும்போதெல்லாம் அதே இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். எத்தனை தரம் போய்வந்தேன் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறை கரை தெரியத் தொடங்கும்போதும், அந்த இடம் வெறுமையாக இருந்துவிடக் கூடாது என்று அம்மனைக் கும்பிட்டேன். பிள்ளை வெய்யிலில் இருக்க வேண்டும் என்று கும்பிட்ட தகப்பன் நான்.

பின்னேரம் விட்டார்கள். உன்னில் ஒரு கீறல் இல்லை. வள்ளத்தில் ஏறியதும் என்ன கேட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாய். நான் “கதையாதை” என்றேன். வீட்டுக்கு வந்தும் கதைக்க விடவில்லை. அதற்கு அடுத்த நாளில் இருந்து நடந்தது உனக்கு நினைவிருக்கும். உன் அம்மாவைக் கேள்வி கேட்பவராக நிற்க வைத்து, உன்னை முன்னால் நிறுத்தி, பாடம் சொல்லித்தருவதுபோலப் பழக்கினேன். கண்ணைப் பார்க்காதே. கையைக் காற்சட்டைப் பைக்குள் வைக்காதே. இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் முதலாவதுக்குச் சொல்லிவிட்டு நில். சிங்களம் தெரியுமா என்றால் தெரியாது. சிரிக்காதே. நீ சிரித்தாய், உன் அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் கத்தினேன். மறுபடியும் தொடக்கத்தில் இருந்து செய்வித்தேன். இப்போது நினைத்தால், உன் முதலாவது வினாத்தாளைத் தயாரித்தது கனடாவில் உள்ளவர்கள் இல்லை, நான்தான். அதில் நீ நல்ல புள்ளி எடுத்தாய். கொஞ்சக் காலத்தில் துறையில் உன்னை ஆரும் கவனிக்காத அளவுக்கு வந்துவிட்டாய். எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா. பெடியன் அடங்கிவிட்டான், புத்தி வந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ வீட்டிலும் கதைக்காமல் விட்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படிப் பழக்கியது பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. உன்னோடு படித்தவர்களில் வாய் காட்டிய ஒருவன் இன்று இல்லை, அவனுடைய தாய் இன்னமும் என் வள்ளத்தில் வந்து போகிறாள். நீ உயிரோடு இருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறாய். திரும்பவும் அந்தக் காலம் வந்தால் திரும்பவும் அதைத்தான் செய்வேன். ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்று நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீ கப்பலேறிப் போனபோது, அங்கே போய் இறங்கியதும் இது தேவையில்லை மகனே என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அது தெரியாமல் இருந்தது. போகிற அன்று துறையில் நீ என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கெட்டிக்காரன், சொல்லித்தந்ததை மறக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு இப்போது என்னைப் போட்டு அரிக்கிறது.

இனி வதனாவைப் பற்றி. உன் கடிதத்தைப் பற்றி மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றவனிடம் சொல்வதைவிட அந்தப் பிள்ளையிடமே சொல்வது மேல் என்று தோன்றியது. அவள் இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு போனேன். கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

“இவர் எனக்கு இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார் போல, மாமா.”

“அப்பிடித்தான் பிள்ளை நினைக்கிறன். கெட்ட எண்ணமில்லை.”

“கெட்ட எண்ணமெண்டால் பரவாயில்லை, ஏசிப்போட்டு விட்டிடலாம். நான் பாவமோ இல்லையோ எண்டு நானெல்லோ சொல்லோணும். என்னட்டை ஆரும் கேக்கேல்லையே.”

“கோவமோ பிள்ளை?”

“ஓம். சரியான கோவம்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு வினாத்தாளைக் கேட்டு வாங்கி, மேசையடியில் இருந்து தனக்கென்று நிரப்பினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர் வாசிப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை, எதைப் போட்டால் நல்லது என்றும் கேட்கவில்லை. சில கேள்விகளில் கன நேரம் நின்றாள், ஒன்றில் போட்டதை வெட்டி மாற்றிப் போட்டாள். கோபம் வந்தால் வெளியே காட்டுவீர்களா என்ற இடத்தில் மட்டும் பேனை தாளைக் கிழிக்கப் பார்த்தது. அவளும் அந்தத் துறையால் போய்வருகிறவள்தான், அவளையும் அதே கேள்விகள்தான் கேட்கிறார்கள். ஆனால் வந்த கையோடு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சத்தம் போட்டுக் கதைக்கிறாள். அதிலே அதெல்லாம் கழுவுப்பட்டுப் போகிறது போலிருக்கிறது. அவளுக்கு வந்த வகை ‘முன்னின்று செய்பவர்’. எங்கள் எல்லோருக்கும் ஒரே வகை வந்த கதையையும் அவளுக்குச் சொன்னேன், துறையில் பதில் சொல்வதுபோலத்தான் நான் பதில் போட்டேன் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு மேசையில் கிடந்த வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

“மாமா, வேலணையிலை இருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்திருக்கு. அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்யிறவராம். தைப்பொங்கலுக்கு முதல் முடிவு சொல்லோணும் எண்டு அப்பா நிக்கிறார். நான் இவ்வளவு நாளும் ஏலாது எண்டு சொல்லிக்கொண்டு வந்தனான்.”

“அதைத் தம்பிக்கு எழுதட்டோ?”

“எழுதுங்கோ. அதைக் காட்டி வெருட்டுறன் எண்டு அவர் நினைக்கக் கூடாது. வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எனக்கு எழுதட்டும், நான் விளங்கிக்கொள்ளுவன். உங்களுக்கு எழுதி என்னை அனுப்பிவிடக் கூடாது.”

பிறகு நிரப்பாத தாள் ஒன்று தரும்படி கேட்டாள். நான் பிரதியெடுத்து வைத்திருந்ததில் ஒன்றைக் கொடுத்தேன். நாற்பதாவது கேள்விக்குக் கீழே, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டையான எழுத்தில், இன்னொரு கேள்வியை எழுதினாள். மற்றக் கேள்விகளுக்கு இருப்பதுபோலவே பக்கத்தில் ஓம் என்றும் இல்லை என்றும் எழுதிவிட்டு, இதை அவருக்கு அனுப்புங்கோ என்று என்னிடம் தந்தாள். இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன். தாள் கிழிந்தோ நனைந்தோ வந்தாலும் கேள்வி உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். பயம் ஒன்றும் இல்லாமல் இருந்தால், மேலே உள்ள கேள்விகளுக்கு நீங்கள் இதே பதில்களைத்தான் சொல்லுவீர்களா?

உன்னைக் கல்யாணம் கட்டு என்று நான் வற்புறுத்தவில்லை. என்னால் ஆரையும் எதற்கும் வற்புறுத்த முடியாது, அவ்வளவு களைத்துப்போனேன். நீ உண்மையாகவே உன் பெரியப்பாவைப் போன்ற ஆளாக இருக்கலாம். வள்ளத்தில் நின்று பாம்பை நீட்டிக் கதை சொன்ன பிள்ளை வளரும்போது தானாகவே அடங்கியிருக்கவும் கூடும், பிள்ளைகள் மாறுகிறவர்கள்தான். அவளுடைய கேள்விக்கு ஓம் என்று பதில் வந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், மாமாவிடம் நானே போய்க் கதைக்கிறேன். ஆனால் அதை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. எழுதும்போது ஆர் கேட்கிறார்கள், எதைச் சொன்னால் இது முடியும் என்று யோசிக்காதே. உன் முன்னால் வரிசை இல்லை. அங்கே உன்னை வெய்யிலில் இருத்த ஆரும் இல்லை. நான் பழக்கியதை நானே வேண்டாம் என்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். பொங்கலுக்கு முதல் அவளுடைய கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பு.

இதை எழுதி முடித்தபிறகு, நான் நிரப்பிய தாளை எடுத்து அவளுடைய கேள்வியை அதன் அடியில் எழுதினேன். கன நேரம் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு இல்லை என்று போட்டேன். போட்டதும் கண் கலங்கிவிட்டது, வயதுபோன காலத்தில் வெட்கமாக இருந்தது. உன் அம்மா வந்து என்னவென்று பார்த்தாள். கேள்வியை ஒருதரம் வாசித்தாள். தன்னுடைய தாளைத் தேடியெடுத்து அதே கேள்வியை எழுதி, என் கையில் இருந்த பேனையை வாங்கி, தானும் இல்லை என்று போட்டாள். மடித்து உறைக்குள் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். ஆர் வாசிப்பார்கள் என்று இந்தமுறை அவள் கேட்கவில்லை.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா